அப்படியே வரச் சொன்னார்கள்

என் சித்தியிடம் ஒரு நோட்டு இருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்த அவள், அங்கே வரும் பழைய ஃபேஷன் பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி அதில் ஒட்டிவைத்திருந்தாள். முன்பாதியில் மேக்கப் ஒன்றுமே போடாதது போலத் தெரியும் முகங்கள். பின்பாதியில் அந்தக் காலத்துப் பாணி: காதை நோக்கி இழுத்த மை, அடர்சிவப்பு உதடு, நெற்றியில் ஒரு சுருள் முடி. முன்பாதியை நாங்கள் அதிகம் புரட்டியதில்லை. ஒன்றும் போடாத முகம் தெருவெல்லாம் இருக்கிறதே, அதைப் பார்க்கப் பத்திரிகை எதற்கு என்பது சித்தியின் கட்சி.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த சயனைடு மேட்டுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு வேன் வந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் கல்லை அரைத்து, சயனைடு கலந்து தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் அங்கே மலையாகக் குவிந்திருக்கும். சினிமாக்காரர்கள் வந்து அதைப் பாலைவனம் என்று படம்பிடித்துப் போவார்கள். இந்த முறை வந்தது சினிமா இல்லை, ஒரு பத்திரிகைக்கான ஃபேஷன் போட்டோ. ஒரு மாடல் பெண், ஒரு போட்டோகிராபர், இடுப்பில் பிரஷ்களைச் செருகிக்கொண்டு ஒரு மேக்கப் அக்கா. சனிக்கிழமை முழுக்க நான் அங்கேயே பழியாய்க் கிடந்தேன்.

சாயங்காலம் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. விடிவதற்குள் ரயிலேறினால் பொழுதுசாயத்தான் திரும்புவாள். அன்று ஸ்டேஷனிலிருந்து நேராக, சாப்பாட்டுப் பையோடு வந்துவிட்டாள். காலையில் இட்ட மை கண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தது. ரயில் ஜன்னலில் சாய்ந்து தூங்கியதில் ஒரு பக்க முடி கலைந்து, பொட்டு நகர்ந்திருந்தது.

“வூடுன்னு ஒண்ணு இருக்கறது மறந்துபோச்சாடி உனக்கு?” என்று கீழே நின்று கத்தினாள்.

மேக்கப் அக்கா திரும்பிப் பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். போட்டோகிராபரைக் கூப்பிட்டு அம்மாவைக் காட்டினாள். இருவரும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு மேக்கப் அக்கா, அம்மாவைக் கேட்காமலே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அக்கா, நாளைக்குக் காலையில வரீங்களா? உங்களையும் எடுக்கறோம், பத்திரிகையில வரும். ஒண்ணும் போடாதீங்க, அப்படியே வாங்க.”

விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒன்றும் வேண்டாம், சும்மா வாங்க என்பார்கள். அதைக் கேட்டு யாராவது வெறுங்கையோடு போவார்களா? ‘அப்படியே வாங்க’ என்பதையும் எங்கள் வீட்டில் அந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொண்டோம்.

அதுவரை அம்மா தனியாக இருக்கும் போட்டோ ஒன்றே ஒன்றுதான், கம்பெனி அடையாள அட்டையில் இருப்பது. அதில் எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல இருப்பாள். நான் அன்றைக்கே லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எங்கம்மா பத்திரிகையில் வரப்போகிறாள்.

ஞாயிறு காலை சித்தி நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். “அவங்க மரியாதிக்கு அப்படிச் சொல்லுவாங்க. இருக்கற மூஞ்சியோட போய் நின்னா ஊரு சிரிக்காதா?” என்றாள். அம்மா முதலில் “இன்னாத்துக்குடி இதெல்லாம்” என்றாள். பிறகு அவளே பின்பாதியைப் புரட்டி, காதில் முத்துத் தோடு போட்ட ஒரு படத்தில் விரலை வைத்தாள். ஒரு மணி நேரம் வேலை நடந்தது. மை காதுவரை போனது, உதடு சிவந்தது, சுருள் முடி நெற்றியில் வந்து உட்கார்ந்தது. கண்ணாடியை வாங்கிப் பார்த்த அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை.

மேட்டில் எங்களைக் கண்டதும் மேக்கப் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நல்ல பெண்தான், சிரித்துச் சமாளித்தாள். தண்ணீர் பாட்டிலும் துண்டும் கொண்டுவந்து, “அக்கா, கொஞ்சம் மூஞ்சி கழுவிக்கறீங்களா? நேத்து இருந்தீங்களே, அது மாதிரி வேணும்” என்றாள்.

அம்மா பாட்டிலை வாங்கவில்லை.

“வாணாம்மா. நீங்க அந்தப் பொண்ணையே புடிங்க.”

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். கழுவினால் என்ன குறைந்துவிடும்? கெஞ்சினேன், அழுதேன். அவள் அசையவில்லை.

மேக்கப் அக்கா போனைத் திறந்து முந்தைய நாள் படத்தை எதிரே வைத்துக்கொண்டாள். மாடல் பெண்ணின் கண்ணுக்குக் கீழே மையை விரலால் இழுத்துவிட்டாள். கன்னத்தில் வெயில்பட்ட நிறம் ஏற்றினாள். ஒரு பக்க முடியைக் கலைத்து, பொட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். உதடு சிவந்து நின்ற என் அம்மா, தன் முகம் இன்னொருத்தி மேல் ஏறுவதை ஓரமாக நின்று கடைசிவரை பார்த்தாள்.

பின்னால் அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. சித்தி அதை வெட்டி நோட்டின் முன்பாதியில் ஒட்டினாள். இன்று எனக்கும் பெங்களூரில் மேக்கப்தான் பிழைப்பு. சித்தியின் நோட்டு என்னிடம் வந்துவிட்டது. நேச்சுரலாக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுகிறேன். அழகான படம், அதில் சந்தேகமில்லை.

அன்று வீடு திரும்பும் வழியில் நான் அம்மாவோடு பேசவில்லை. லைனில் யார் முகத்திலும் விழிக்க முடியாதே என்று எனக்கு ஆத்திரம். பாதி வழியில் அவள் நின்றாள்.

“அந்தப் பொண்ணுக்குக் கண்ணுக்குக் கீழ கறுப்பா தடவினாங்களே. நான் அப்படியா இருக்கேன்?”

“ஆமா. அப்படியேதான் இருக்கே” என்றேன்.

அம்மா நடந்தாள். மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டுப் பையில் ஒரு சின்னக் கண்ணாடியும் கைக்குட்டையும் இருந்தன. சாயங்காலம் ஸ்டேஷன் வருமுன் கண்ணுக்குக் கீழே துடைத்துக்கொண்டுதான் இறங்குவாள். சித்தியின் சகவாசம், அம்மாவுக்கும் ஸ்டைல் வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லம்மா என்று நான் சொல்வேன் என்றுதான் அவள் கேட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.