திரேஸ்புரத்தில் நான் விட்ட ராக்கெட்

தூத்துக்குடியில் படகுப் பட்டறையைச் சூடாக்க அடுப்பா என்று சிரிக்கும் மேதைகளே, இந்த மழையில் ஒரு ஃபைபர் படகின் விரிசலை ஒட்டிப் பாருங்கள். பசை காயவே காயாது. மீனவர் சேவியரின் படகோ நாளை கடலுக்குப் போயாக வேண்டும்.

எண்ணெய் டின்னை வெட்டி, நாலு சுள்ளியிலேயே உறுமி எரியும் ‘ராக்கெட் அடுப்பு’ செய்தேன். ஆசியாவிலேயே முதல் முயற்சி! அடுப்பு சுவருக்கு வெளியே, சூட்டுக் குழாய் உள்ளே. முதலில் புகை மொத்தமும் என் முகத்துக்கு வந்தது. அது சோதனை ஓட்டம். குழாயை ஒரு முழம் நீட்டியதும் உடைமரச் சுள்ளி புகையில்லாமல் உறுமியது.

“ராக்கெட் பத்திக்கிட்டு!” என்று கத்திவிட்டேன்.

அவ்வளவுதான், குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்குப் போகவேண்டிய கூட்டம் என் வாசலில், செல்போனை வானத்துக்கு நீட்டியபடி.

“அண்ணாச்சி, எப்ப மேல போவும்?” என்றார் மீன்கார அக்கா.

“போவாதுக்கா, இது அடுப்பு.”

“போவாததுக்கு எதுக்கு ராக்கெட்டுன்னு பேரு வைக்கிய?”

சேவியர் மட்டும் உள்ளே போய் படகில் ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். “கல்லு மாரி இறுகிட்டு அண்ணாச்சி. விடிய கெளம்பிருவேன்.”

ஆக, ஏவுதல் நாளை காலை. வானத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று கமெண்ட் போடப்போகிறவர்கள், தயவுசெய்து கடல் பக்கம் பார்க்கவும்.