நகர மண்டபத்துத் தனிப்பாட்டு

ஏன் பாடப்போவதில்லை என்று கேட்டவர்களுக்கு: இல்லை, தொண்டை கட்டவில்லை. தனிப்பாட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மறுமலர்ச்சிக் காலத்து நகர மண்டபம். அங்கே அந்தக் காலத்தில் பாடப்பட்ட பாட்டு. மாதக்கணக்கில் பயின்றிருந்தேன்.

இன்று ஒத்திகை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி தனியாகக் கூப்பிட்டார். "உன் குரல் அழகு. ஆனால் மேல்மாடி மண்டபத்தில் பாடுவது எங்கள் பாரம்பரியப் பாட்டு, அங்கே உன்னைப் பார்த்தால் வருபவர்கள் குழம்புவார்கள். கோடையில் கீழே முற்றத்தில் உலக இசை நடக்கும். அங்கே உங்கள் பாட்டைப் பாடேன்."

நான் பிறந்ததே இங்கே, சுவிஸ் லுசேர்ணில்.

கூட்டிப்போக வந்த அப்பாவிடம் காரில் சொன்னேன்.

"அவையளே கேட்டிருக்கினம். ஓம் எண்டு சொல்லு பிள்ளை."

"எந்தப் பாட்டையப்பா பாடுறது?"

"அதுதானே, உனக்கு எங்கட பாட்டு ஒண்டும் தெரியாதென்ன?" சிரித்தார்.

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கோடைக்குள் கற்றுக்கொண்டு, அவர்கள் நினைக்கும் அந்நியப் பெண்ணாகிவிடுகிறேன்.

குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து விலகிவிட்டு, நாளைய வகுப்புக்குப் படிக்க உட்கார்ந்தேன்.