பத்து நிமிஷத்துக்கு ஒரு துளி

ஆபீஸில் அவனுக்கு 'செகண்டு' என்று பேர். வலிமருந்து ஏற்றும் பம்புக்குள் ஓடுகிற புரோகிராமில் நேரம் எண்ணும் பகுதி அவனுடையது. பதினோரு வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறான். பத்து நிமிஷத்துக்கு ஒரு துளி, பிசகவே கூடாது. மனுஷன் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறானே தவிர, துளியைத் தள்ளிப் போட்டதில்லை.

அவன் அக்கா இடுப்பிலும் அந்தப் பம்புதான். எலும்பில் புற்றுநோய். டாக்டர் மூன்று மாசம் கெடு சொல்லிவிட்டார். வீட்டில், ஒயர் சுவரில் செருகியிருக்கும்வரை நன்றாகத்தான் இருப்பாள். சாயங்காலம் ஒயரைக் கழற்றிவிட்டுத் தெருக்கோடிப் பார்க்குக்குப் போவாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அது. அங்கே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வலியில் உயிர் போகும்.

"பார்க்குக்குப் போனா இது வேலை செய்யலைடா தம்பி."

"மெஷினுக்குப் பார்க்கு தெரியுமா, வீடு தெரியுமா? எல்லாம் உன் மனசுதான்க்கா."

ஆனாலும் அதே மாதிரி பம்பு ஒன்றை ஆபீஸ் மேஜையில் வைத்து மூன்று நாள் பார்த்தான். ஒரு துளி தப்பவில்லை. எப்படித் தப்பும்? அங்கே சோதனைக்கு வைத்த மெஷினை யாரும் பிளக்கிலிருந்து எடுப்பதே இல்லை. பாதியில் சார்ஜ் தீர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே! அவன் பேச்சை நம்பி அக்கா முனகுவதையும் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒரு புண்ணியவான் காபி மெஷினுக்காக அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அடுத்த துளி விழ இருபது நிமிஷம் ஆனது. செகண்டு புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தான். பேட்டரிக்கு மாறியதும் சார்ஜை மிச்சம் பிடிக்க மெஷினின் மூளையான புராசஸர் தன் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்கிறது. இவன் எழுதியதோ, மெஷினை முதன்முதல் போடும்போது ஒரே ஒருமுறை வேகத்தை அளந்து, கடைசிவரை அந்தக் கணக்கிலேயே எண்ணுகிறது. வேகம் மாறினால் மறுபடி கணக்குப் போடு என்று ரெண்டே வரி. பாவி, எழுதவில்லை.

அப்போதே எழுதினான். மேனேஜர் தலையில் கை வைத்தார். "பிளக்கிலேயே வெச்சுக்கச் சொல்லி எல்லாருக்கும் இன்னிக்கே தகவல் அனுப்பிடலாம். திருத்தின புரோகிராமைப் பம்புல ஏத்த அரசாங்க அனுமதி வர எட்டு மாசம் ஆகும்பா."

எட்டு மாசம்! அக்காவுக்கு அதில் பாதிகூட இல்லை. ஒயரோ ரெண்டு கை நீளம். இனிமேல் பார்க் கிடையாது.

சாயங்காலம் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். "தப்பு என்னுதுக்கா. அங்க உனக்குப் பாதி மருந்துதான் போயிருக்கு."

திட்டுவாள், கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று காத்திருந்தான். அக்கா ஒயரைக் கையில் எடுத்து விரலில் சுற்றினாள்.

"அப்போ எனக்கு நிஜமாவே வலிச்சுதாடா?" என்று கேட்டாள்.