நிற்கும் என்று எழுதியவர்

சவுரிமுத்துவைக் கருநாக்குக்காரர் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண்ணைப் போட! அவர் யார், என்ன செய்தார் என்று எழுதிவிடுகிறேன். எனக்கும் வயசாகிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் புவியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். தினம் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது அவர் வேலைகளில் ஒன்று. செம்பாக்கம் ஏரிப் பக்கம் சரியும் எங்கள் தெருவில் கடைசி வீடு அவருடையது. அவரும் மனைவி செல்வமேரியும் மட்டும்தான். தெருவில் பெய்கிற மழையெல்லாம் அவர்கள் வாசலில்தான் போய்ச் சேரும்.

எண்பத்தைந்து நவம்பரில் அவர்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. வேறு யாராவது என்றால் வாசற்படியை உயர்த்திவிட்டுச் சும்மா இருப்பார்கள். இந்த மனிதர் மொட்டைமாடிக்கு நடுவே செங்கல் வரப்பு கட்டினார். ஒரு பாதியை அப்படியே விட்டார். மறுபாதியில் தார்ஷீட் விரித்து, நாலு அங்குலம் மண் கொட்டி, புல்லும் பொன்னாங்கண்ணியும் வைத்தார். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், கீழே தனித்தனி டிரம், டிரம்மில் பெயிண்டால் அளவுக்கோடு. மழை வந்தால் குடையும் கடிகாரமுமாக நின்றுவிடுவார். மாடியில் மாடு மேய்க்கப்போகிறாரா என்று தெருவே சிரித்தது. நானும்தான்.

ஏழு வருஷம் அளந்தார். வெறும் தளத்தில் விழுந்த மழை பத்தே நிமிஷத்தில் கிட்டத்தட்ட முழுசாகக் கீழே வந்துவிடும். மண் போட்ட பக்கம் பாதியைப் பிடித்துக்கொண்டு, மீதியைச் சாயங்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக விடும். மூன்று நாள் அடைமழை என்றால் மண்ணும் ஊறிப்போய்க் கைவிரித்துவிடும். அதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கணக்கைக் கொண்டு தெருவின் அறுபத்திரண்டு மாடிகளையும் கிராஃப் தாளில் போட்டு, எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷத்தில் தெருக்கோடிக்கு வரும் என்று அட்டவணை தயாரித்தார். ஒரே நாளில் முப்பது சென்டிமீட்டர் பெய்தால் தன் வீட்டில் எதுவரை ஏறும் என்று சுவரில் பென்சிலால் கோடும் போட்டார். தொடை உயரம். செல்வமேரி அதைப் பார்க்கப் பிடிக்காமல் அரிசி டின்னை முன்னால் நகர்த்தி வைத்தார்.

தொண்ணூற்றிரண்டில் எங்கள் தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் வருகிறது என்றார்கள். ஒன்றரை அடி அகலம். சவுரிமுத்து பதறிப்போனார். மூன்றடி வேண்டும், எல்லா மாடியிலும் மண் போட்டால் இரண்டடி போதும் என்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு, கால்வாய் போடுகிற ஆபீசுக்கு ஓடினார். தெருச் சங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். சங்கத்துக்குச் செயலாளர் நான்.

கூட்டத்தில் அந்தத் தாளை நான்தான் படித்தேன். "நாற்பது மில்லிமீட்டர் மழையில் பாதி நம் தெருவிலேயே நிற்கும்" என்ற வரி வந்ததும் பால் டிப்போ குப்புராஜ் எழுந்துவிட்டார்.

"இன்னா சார் இது? நம்ம தெருவுல தண்ணி நிக்கும்னு எழுதிக்கீறாரு. இது வெளிய போச்சுன்னா எவன் சார் இங்க மனை வாங்குவான்?"

எங்கள் பக்கத்தில் ஒரு மனையைப் பற்றி அதைவிட மோசமாக எதுவும் சொல்ல முடியாது. கூட்டமே கொதித்தது. சவுரிமுத்து என்னைப் பார்த்துத்தான் கெஞ்சினார்.

"நிக்கறதுன்னா மாடி மண்ணுல தங்கறது சார், தெருவுல இல்ல. அந்த வரிய முழுசா படிங்க."

நான் தாளை மடித்து வைத்தேன். யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றரை அடிக் கால்வாயே வந்தது, அதுவும் மூடி இல்லாமல்.

தொண்ணூற்றாறு ஜூனில் அந்த மழை வந்தது. தண்ணீர் பென்சில் கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே வந்து நின்றது. வீட்டைவிட்டு வெளியேறும்போது, தெரு எது, கால்வாய் எது என்று தெரியாமல் செல்வமேரி கால்வாய்க்குள் காலை வைத்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

தெரு என்ன சொன்னது தெரியுமா? அன்றைக்கே நிற்கும் என்று எழுதினானே, அவன் வாய் பலித்துவிட்டது என்றது. பாவிகள்! மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவர் வந்தால், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அடுத்த வருஷம் செங்கல்பட்டில் இருந்த மச்சினி வீட்டோடு போய்விட முடிவு செய்தார்.

சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அந்த வரியில பாதிய அவசரத்துலதானே சார் விட்டுட்டீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

அந்த வரி "மாடியில் மண் போட்டால்" என்று தொடங்குகிறது. அந்த மூன்று சொல்லையும் தெரிந்தேதான் விழுங்கினேன். சங்கத்தின் கையெழுத்தோடு அந்தத் தாள் வெளியே போகக் கூடாது, கூட்டமே அதைத் தூக்கிப் போடட்டும் என்றுதான். கூட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பின்தெருவில் இருந்த என் மனையைப் பார்க்க மடிப்பாக்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வந்தார்கள். தண்ணி நிக்குமா என்றுதான் முதலில் கேட்டார்கள். நிக்கவே நிக்காது என்றேன்.