பூங்காவனம் எண்ணிய பத்து வருடம்

பழி வாங்குவது பாவம் என்று சொல்கிறவர்கள் பூங்காவனத்தின் பக்கத்து மிஷினில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். நான் பத்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு ஒரே கம்பெனி பஸ், ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற ஒரே லைன்.

எங்கள் பக்கம் ஒரு கேடுகெட்ட வழக்கம் உண்டு. வீட்டில் பெரிய செலவு வந்தால் புருஷன்காரன் கடன் தேட மாட்டான். பெண்டாட்டியை வேலையை விட்டு நிற்கச் சொல்வான். நின்றால்தானே பி.எஃப். மொத்தமும் கைக்கு வரும்! பிறகு அவள் வேறு கம்பெனியில் புது ஆளாகச் சேர வேண்டியது. பென்ஷனுக்குப் பிடித்ததையும் வழித்து எடுத்துவிடுவதால் சர்வீஸ் மறுபடி பூஜ்யம். பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷன் என்று எவனும் சொல்ல மாட்டான். நாங்களும் கேட்டதில்லை, புத்தி கெட்டவர்கள்.

பூங்காவனம் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்தாம் வருடம் நின்றாள். புருஷன் கனகராஜின் தங்கை கல்யாணம். அடுத்த ஆறு வருடத்துப் பணத்தில் அவன் பேரில் விசைத்தறி வாங்கினார்கள். இரண்டே வருடத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான், மகராசன். மூன்றாவது முறை ஏழு வருடத்துப் பணம். அப்போதுதான் மகள் நித்யஸ்ரீ பன்னிரண்டாவது முடித்து, நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வந்தாள். அவனோ பணத்தை எடுத்துத் தன் பேரில் இருந்த வீட்டுக்கு மாடி கட்டினான். மகள் அழுதபோது, "கட்டிக்கினு போறவளுக்கு இன்னாத்துக்கு படிப்பு?" என்றான். அந்தப் பெண் இன்று எங்கள் லைனில் பசை தடவுகிறாள். பார்க்கிற எனக்கே வயிறு எரிகிறது, பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

நான்காவது முறை சேர்ந்தபோது, வருகைக் கணக்கு பார்க்கிற டைம் ஆபீஸ் ஆஃப்ரீன்தான் விஷயத்தை உடைத்தாள். "அக்கா, பத்து வருஷம் தாண்டிடுச்சின்னா பென்ஷன் காச யாரும் மொத்தமா எடுக்க முடியாது. அம்பத்தெட்டு வயசுலருந்து மாசாமாசம் உங்க அக்கவுன்ட்டுக்குத்தான் வரும்." பூங்காவனம் அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

பத்து வருடத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தபோது கனகராஜுக்கு மனை ஆசை பிடித்தது. "இன்னொரு தபா நில்லு. ரோட்டு மேலயே எடம்," என்றான்.

"சரி, நீ அட்வான்ஸ் குடு. நான் நிக்கறேன்னு எழுதிக் குடுத்துடறேன்," என்றாள் இவள்.

பஸ்ஸிலேயே அவளிடம் கத்தினேன். "உனக்கு இன்னா பைத்தியமா?"

"அவன் மொதல்ல குடுக்கட்டும், இரு," என்றாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. எனக்குப் புரிந்துவிட்டது. அடி கெட்டிக்காரி!

அவன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தான். ஆறு மாதத்துக்குள் மீதியைக் கட்டிப் பதியாவிட்டால் அது திரும்ப வராது என்பது ஒப்பந்தம். அவன் கேட்கும்போதெல்லாம், "ஆர்டர் ஜாஸ்தி, இன்னும் ரிலீவ் பண்ல," என்று இழுத்தடித்தாள். நடுவில் பத்து வருடம் முடிந்தது. அன்று லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். கெடு முடியும் வாரத்தில், "பணம் வந்துடுச்சி, பத்திர ஆபீசுக்கு வந்துர்றேன்," என்று அவனை நம்பவைத்தாள்.

அன்று அரை நாள் லீவு போட்டு நானும் கூடப் போனேன். போகாமல் இருப்பேனா? வாசலில் மனைக்காரர், புரோக்கர், புது வேட்டியில் கனகராஜ். இவள் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பணம் எங்கடி?"

"நான் வேலைய வுடவே இல்ல. பத்து வருஷம் தாண்டிட்டேன். பி.எஃப்.ல ஒத்த ரூபா உனக்குக் கெடையாது. நாமினியும் நித்யா பேருக்கு மாத்திட்டேன். அவ அழுத அன்னிக்கே முடிவு பண்ணது இது."

மனைக்காரர், "அப்ப நான் வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்," என்று செருப்பை மாட்டினார். இரண்டு லட்சமும் அவரோடு படியிறங்கிப் போனது. கனகராஜின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

"நம்ம ரெண்டு பேரோட வயசான காலத்துக்குத்தானடி கேட்டேன்," என்றான், குரல் உடைந்து.

"என் வயசான காலத்துக்கு நான் சேத்துட்டேன். உன்னுத நீ பாத்துக்க."