மொட்டைத் தலைக்கு ஒரு தொப்பி

மொட்டையடித்த தலையில் பனிக்காற்று பட்டால் குளிராது, சுடும். முதலில் காதுக்குப் பின்னால் சுடும். பிறகு உச்சியில். மார்கழி மாதத்தில் ஜவ்வாது மலைமேல் அப்படி ஒரு தலையோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான் அது தெரியும்.

நான் நெல்லிவாசல்நாட்டுக்காரி. மலைமேலேயே ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தேன். பாதிப் பேர் எங்களைப் போல மலைப் பிள்ளைகள். மீதிப் பேர் செங்கம் பக்கத்திலிருந்து வந்த கீழ்நாட்டுப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே பாயில் படுத்தோம், எல்லோர் தலையிலும் பேன் இருந்தது. ஆனால் முடிவெட்டுகிறவர் வந்தால் வார்டன் எங்களை மட்டும்தான் கூப்பிடுவாள். கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு எண்ணெயும் ஈர்க்கொல்லிச் சீப்பும். எங்களுக்கு மெஷின். "அவுங்க தல வாரினா போய்டும். உங்களுது காடு, வெட்டினாத்தான் போவும்" என்பாள்.

எங்கள் ஊரில் சாமிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போடுவோம். வேண்டாமல் போட்ட மொட்டையை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பி பின்னுவது என்று முடிவு செய்தேன்.

செங்கம் சந்தையில் அம்மா வாங்கித் தந்த பழைய ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. அதைப் பிரித்தேன். சைக்கிள் சக்கரக் கம்பி இரண்டைக் கல்லில் தேய்த்து ஊசியாக்கினேன். கைவேலை வகுப்பில் பட்டையாகப் பின்னச் சொல்லித் தந்திருந்தார்கள். அப்படிப் பின்னிப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது, காதுவரை இறங்கவில்லை. என்னோடு மொட்டையான சிநேகிதி வசந்தாவுக்குத் தலை பெரிது, அவளுக்கு நெற்றியிலேயே நின்றுவிட்டது. இருவரும் ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட வேண்டும். முடி வளர வளர அதுவும் இடம் கொடுக்க வேண்டும்.

விடுதி வாட்ச்மேன் மாமா ஒரு கம்பளித் தொப்பி வைத்திருந்தார். எந்தத் தலைக்கும் இழுபடும். எடுத்தால் பழையபடி சுருங்கிக்கொள்ளும். அவர் டீ குடிக்கும்போது அதை வாங்கி உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னாம்மா, என் தொப்பில பேன் பாக்குறியா?" என்றார்.

"நூல் கண்ணி பாக்குறேன் மாமா, எப்டி பின்னியிருக்குதுன்னு."

"பாத்துட்டு திருப்பிக் குடுத்துடு. நானும் உன்ன மாதிரி மொட்டதான், ஆனா என்னுது வார்டன் போட்டதில்ல, வயசு போட்டது."

சூட்சுமம் பெரிதில்லை. ஒரு கண்ணியைப் பின்னாமல், நூலை அதன் மேல் சாய்த்து அடுத்த ஊசிக்கு மாற்ற வேண்டும். பக்கத்துக் கண்ணியைப் பின்ன வேண்டும். திரும்பி வரும்போது சாய்த்த நூலையும் அந்தக் கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும், இப்போது மற்றதன் மேல் நூலைச் சாய்க்க வேண்டும். இப்படியே போனால் துணி தடிமனாக, மேடும் பள்ளமுமாக வரும். இழுத்தால் வரும், விட்டால் போகும். நாங்கள் அதற்கு "ரப்பர் பின்னல்" என்று பேர் வைத்தோம்.

உச்சியில்தான் கெட்டது. எல்லாக் கண்ணியையும் நூலில் கோத்து, ஒரே இழுப்பாக இழுத்து, சாமை மூட்டையின் வாயைக் கட்டுவதுபோல் கட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த கட்டு அதுதான். எங்கள் ஊர் மூட்டைக் கட்டு எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் நுனியைப் பிடித்து இழுத்தால் உடனே அவிழும், அவிழ்வதற்காகவே போடுவது.

காலைப் பிரார்த்தனையில் பின்னால் நின்ற கீழ்நாட்டுப் பெண் அந்த நுனியைப் பிடித்து இழுத்தாள். உச்சி வாய் பிளந்து என் மொட்டை வெளியே வந்தது. "பாருங்கடி, மூட்ட அவுந்துடுச்சி!" என்றாள். பிரார்த்தனையே நின்றுபோகும் அளவுக்குச் சிரித்தார்கள். வார்டனும் சிரித்தாள்.

அழவில்லை. பக்கத் தையலையும் உச்சியையும் பிரித்து மறுபடி பின்னினேன். மேடு, பள்ளம், மேடு என்று மூன்று கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் மேடு உடையாமல் உச்சி நோக்கி ஓடும். அவசரப்படாமல் இடம்விட்டு இடம்விட்டு அப்படிக் குறைத்தேன். கொஞ்சம் கண்ணிகள் மிஞ்சியபோது நூலை அவற்றுக்குள் விட்டு இறுக்கி, நுனியை உள்பக்கம் இறக்கி, அங்கேயே தைத்து மறைத்தேன். பிறகு பக்கவாட்டை மூட்டினேன். வெளியில் பிடித்து இழுக்க ஒரு நூல்கூட இல்லை.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். அந்தப் பெண் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"சாமி கும்பிடுற எடத்துல இன்னாடி தொப்பி? கழட்டு" என்றாள் வார்டன்.

"முடியக் குடுங்க டீச்சர், தொப்பியத் தர்றேன்."

பிரம்பு கையில் விழுந்தது. தலையில் இருந்தது தலையிலேயே இருந்தது.

அதன்பின் கிடைத்த நூலிலெல்லாம் மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னினேன். தொப்பிக்குள் முடி வளர்ந்தது. முடிவெட்டுகிறவர் மறுபடி வந்தபோது வார்டன் வழக்கம்போல எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம்.

"அவுங்களுக்கும் பேன் இருக்குது. மொதல்ல அவுங்களுக்கு அடிங்க, அப்பால நாங்க வர்றோம்" என்றேன்.

முடிவெட்டுகிறவர் வார்டனைப் பார்த்தார். "இன்னாம்மா, எல்லாருக்கும் அடிக்கலாமா?" என்றார். வார்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் துணியை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே என்னை ஊருக்கு அனுப்பினார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. தலைமுடிக்காகப் படிப்பை விட்டவள் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். படிப்பை நான் விடவில்லை, அவர்கள் பிடுங்கினார்கள். தொப்பியை நான் விட்டிருந்தால் முடியையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்கள். வசந்தா அந்த விடுதியிலேயே பத்தாவது முடித்தாள், முழங்கை நீளச் சடையோடு.

அந்த விடுதி இப்போது இல்லை. கூரை போய், சுவரில் கொடி ஏறிக் கிடக்கிறது. மெஷினும் இல்லை, முடிவெட்டும் நாளும் இல்லை. அதில் ஒன்றுகூட எனக்குத் திரும்ப வேண்டாம்.

போன வருஷம் என் மகளைக் கீழே ஒரு விடுதியில் சேர்க்கப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "தலையில பேன் இருக்கா?" என்றாள்.

"முன்னாடி வந்தவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கலீங்க."

"கேட்டுட்டு வாங்க. நாங்க நிக்கிறோம்."

வரிசை நீளம். வெயில் வேறு. மகள் என் முந்தானையை இழுத்தாள். நான் நகரவில்லை. அந்தப் பெண் பேனாவை எடுத்து என் மகளின் பெயரை எழுதினாள்.