இறுக்கியும் வெந்நீர் பம்பும்

சலவைக்கூடத்தில் அவருக்கு 'இறுக்கி' என்று பெயர். பம்ப் மெக்கானிக். அவர் மூடிய குழாயை இன்னொருவர் திறக்க முடியாது. வீட்டில் சர்க்கரை டப்பா அவர் கையில் சிக்கிவிட்டால் அன்றைக்குச் சர்க்கரையில்லாத டீதான். கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது, பொறுப்பானவர். ஆனால் பொறுப்பு என்றால் இறுகப் பிடிப்பது என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டார், அதற்குமேல் யோசிக்கவில்லை. ஊரே ஒழுகினாலும் தூங்குகிறவர்கள் உண்டு. இவருக்கு ஒரு சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், கை பரபரக்கும்.

வெந்நீர் பம்ப் அவருடைய செல்லப்பிள்ளை. கொதிப்பதற்குச் சற்று முன்னால் நிற்கும் நீரைச் சலவை யந்திரங்களுக்குத் தள்ளுவது அதன் வேலை. கொஞ்ச நாளாக அது சீறத் தொடங்கியிருந்தது. 'புஸ்' என்று ஒரு மூச்சு ஆவி, பிறகு அமைதி, மறுபடியும் 'புஸ்'. பிரித்துப் பார்த்தால், தண்டோரம் நீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலின் கார்பன் வளையம் ஓரமெல்லாம் எலி கடித்ததுபோல் இருந்தது. புதிது போட்டார். அதுவும் சீறியது. வளையத்தை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, ஒரு வாஷரைக் கூடுதலாக வைத்து அழுத்தத்தை ஏற்றினார். அந்த வளையம் முன்னதைவிடச் சீக்கிரம் போனது.

முதலாளியம்மா பம்ப் அறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னொரு தடவை வேலை நின்னுச்சுன்னா புது பம்ப் வாங்கிடுவேன். கம்பெனி ஆளுங்களே வந்து பாத்துக்குவாங்க. நீங்க தள்ளுவண்டி பக்கம் போயிடுங்க. திங்கக்கிழமை வந்து பாக்கறேன்."

அழுக்குத் துணி வண்டி தள்ளுவதில் இழிவொன்றும் இல்லை. ஆனால் பம்ப் அறையின் இரும்பு முக்காலி இல்லாவிட்டால் தான் யாரென்று அவருக்கே தெரியாது.

அவர் மனைவிக்கு அடுத்த அறையில் போர்வை மடிக்கும் வேலை. அன்று இடுப்பில் கைவைத்தபடி வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க பிள்ளை மூச்சு விட்டே நான் மடிச்சதையெல்லாம் ஈரமாக்குது."

"இன்னொரு வாஷர் போட்டு இறுக்கிடறேன்."

"ஆமா, இருமுற பிள்ளைக்குக் கழுத்தை நெரிச்சா இருமல் நின்னுடும்!"

சொல்லிக்கொண்டே ஒரு துண்டை அலசுத் தொட்டியில் முக்கி, சீலின் மூடிமேல் போட்டாள். "உடம்பு இப்படிக் கொதிக்குது. காய்ச்சலுக்கு ஈரத்துணி."

"தண்டுல சிக்கும்டி, எடு!" என்று பாய்ந்தார். சுழலும் தண்டில் துணி படவில்லை. அசையாத மூடிமேல்தான் கிடந்தது. எடுக்கப் போன கை பாதியில் நின்றது. சீறல் வரவில்லை. காத்திருந்தார். துணி காய்ந்ததும் 'புஸ்'. திரும்ப நனைத்தார். மறுபடி அமைதி.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீல் என்பது கண்ணாடிபோல் தேய்த்த இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு சுற்றும், மற்றது நிற்கும். நடுவே மயிரிழையிலும் மெல்லிய நீர்ப்படலம் இருந்து உராய்வைத் தணிக்கும். வெளியே கசியும் வழியில் அந்தப் படலமே கொதித்துவிட்டால், ஆவி வளையங்களைப் பிரித்துத் தள்ளும். குளிர்ந்ததும் ஸ்பிரிங் அவற்றைப் பட்டென்று சேர்த்து அறையும். அப்படி அறையும்போதுதான் ஓரம் உடைகிறது. இறுக்கினால் உராய்வு கூடும், சூடு கூடும், இன்னும் சீக்கிரம் கொதிக்கும். அவர் இத்தனை நாளும் எரிகிற வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

மூடியைச் சுற்றிக் குளிர்நீர் ஓட ஒரு மெல்லிய குழாய் உண்டு. சுற்றி வந்த நீர் சாக்கடையில் சொட்டும். கண்ணால் அந்தக் குழாயைத் தொடர்ந்தார். கடைசியில் ஒரு சின்ன வால்வு. மூடியிருந்தது. நாள் முழுக்கச் சொட்டுகிறதே என்று பொறுக்காமல் அதை மூடியது யார் என்று கேட்கவேண்டியதில்லை. சீறல் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

"இதையும் நீங்கதான் மூடினீங்களா?"

"ம்."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தாத்தான் வரும்."

பைப் ரெஞ்சைப் பிடித்து இருவரும் இழுத்தார்கள். வால்வு திறந்த வேகத்தில் அவள் துணிக் குவியல்மேல் போய் விழுந்து சிரித்தாள். கூடுதல் வாஷரைக் கழற்றிவிட்டு, அவர் புது வளையம் மாட்டினார்.

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தார். பம்ப் வாய்திறக்கவில்லை. வந்தவர் சாக்கடையைப் பார்த்தார்.

"என்னங்க, அங்க தண்ணி ஒழுகுது? உங்க கண்ணுல படலையா?"

இறுக்கியின் வலது கை தானாக எழுந்தது. அடுத்த அறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அது ஒழுகட்டும்மா. அது ஒழுகற வரைக்கும்தான் இது சும்மா இருக்கும்."

முதலாளியம்மா சற்று நேரம் காதுகொடுத்து நின்றார். "சரி. தள்ளுவண்டிக்கு வேற ஆளைப் பாக்கறேன்" என்று போனார்.

அன்று வீட்டில் சர்க்கரை டப்பாவின் மூடியைச் சும்மா மேலே வைத்தார், திருகவே இல்லை. மறுநாள் டப்பா முழுக்க எறும்பு.

"போகட்டும் விடுங்க," என்றாள் மனைவி, எறும்பை ஊதிக்கொண்டே. "டீயாவது இனிக்குதே."